ஓகஸ்ட் விடுமுறை: வன்னியில் புத்தகம்தான் பிள்ளையைத் தேடிப் போகவேண்டும்

ஒக்ரோபர் வந்தால் இலங்கை முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். வன்னியின் பிரதேச சபை நூலகங்களும் அந்த மாதம் சுறுசுறுப்பாகிவிடும். பாடசாலைகளுக்குக் கடிதம் போகும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி என்று வரிசையாக நடக்கும். கடைசியில் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, சான்றிதழ் என்று ஒரு பரிசளிப்பு விழா. இதற்காக ஓடித் திரிகிற நூலகர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் ஒக்ரோபர் என்பது வழக்கமான கலண்டரில் மூன்றாம் தவணையின் நடுப்பகுதி. பிள்ளைகள் ஆண்டிறுதிப் பரீட்சையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நேரம். வன்னியில் மழையும் அப்போதுதான் தொடங்குகிறது. ஆறுதலாக இருந்து ஒரு கதைப்புத்தகம் வாசிக்கப் பிள்ளைக்கு நேரமே இல்லாத மாதத்தில் வாசிப்பைக் கொண்டாடுவது, மழை விழுந்த பிறகு குளக்கட்டைத் திருத்தப் போவதைப் போன்றது.

பிள்ளையிடம் நேரம் இருப்பது தவணை விடுமுறையில், அதிலும் ஓகஸ்டில். ஒக்ரோபருக்குச் செலவழியும் முயற்சியில் பாதியையாவது ஓகஸ்டுக்குத் திருப்பினால் என்ன நடக்கும், அதை வன்னி போன்ற ஒரு நிலத்தில் எப்படிச் செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விடுமுறை வாசிப்புத் திட்டம் என்பது உலகத்தில் நூறு வருடத்துக்கு மேல் பழைய விசயம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பொதுநூலகம் 1890களிலேயே பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக நல்ல புத்தகங்களின் பட்டியல்களைத் தயாரித்தது. 1897இல் அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நூலகச் சங்கமும் தொடங்கினார்கள். புத்தகத்தை அழுக்காக்காமல், கிழிக்காமல் வைத்திருக்கப் பழக்குவது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. பிரித்தானியாவில் 1999இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் பொதுநூலகங்கள் வழியாக ஒரு வாசிப்புச் சவால் நடக்கிறது. விதி மிக எளிது: பிள்ளை நூலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும், விடுமுறைக்குள் தனக்குப் பிடித்த 6 புத்தகங்களை வாசிக்கவேண்டும். புத்தகம் மாற்ற வரும்போது சின்னச் சின்ன ஒட்டிகள் கிடைக்கும், 6 முடித்தால் ஒரு சான்றிதழ். முதலாமிடம், இரண்டாமிடம் என்று ஒன்றும் கிடையாது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கவலை இருக்கிறது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலான தூரம் கூடிவிடுகிறது என்ற கவலை. பாபரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலாளர் அத்லாந்தா நகரத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவுகள் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகின்றன. கோடையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியோடு மிக நெருங்கித் தொடர்புபட்டிருந்தது வாசிப்புத்தான் என்றும், அந்தக் காலத்தில் பொதுநூலகம் செய்கிற வேலையை வேறெந்தப் பொது நிறுவனமும் செய்யவில்லை என்றும் அவர் கண்டார். வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும் அதில் ஒரு காரணியாக இருந்தது. வன்னிக்காரர்கள் இந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

1996இல் ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் அதுவரை வந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நீண்ட கோடை விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்னால் போகிறார்கள் என்பது அவர்களின் கணிப்பு. கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் பின்னடைந்தார்கள். வாசிப்பிலோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இழந்தார்கள். நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் இருந்த இடத்தில் நின்றார்கள், அல்லது கொஞ்சம் முன்னேறினார்கள். காரணம் ஒன்றும் மர்மமில்லை, ஒரு வீட்டில் புத்தகம் இருக்கிறது, மற்ற வீட்டில் இல்லை. இழப்பின் அளவை எப்படி அளப்பது என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்றும் வாதம் நடக்கிறது. முந்திச் சொன்ன அளவுக்கு இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் 'விடுமுறை வாசிப்புத் திட்டம் நடத்தினால் பெறுபேறு உயரும்' என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது புளோரிடாவில் நடந்த ஒரு ஆய்வு. றிச்சர்ட் அலிங்டனும் ஆன் மக்கில்-பிரான்சனும் அதை நடத்தி 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளைத் தெரிவு செய்து, கோடை தொடங்குமுன் ஒரு சின்னப் புத்தகக் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் தாங்களே பார்த்துத் தெரிந்தெடுத்த 12 புத்தகங்கள், ஒவ்வொரு கோடைக்கும், 3 வருடம் தொடர்ந்து கொடுக்கப்பட்டன. வகுப்பில்லை, பரீட்சையில்லை. புத்தகம் மட்டும்தான். 3 வருட முடிவில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, புத்தகம் கிடைக்காத பிள்ளைகளின் வாசிப்பைவிட மேலே நின்றது. மிக ஏழைப் பிள்ளைகளிடம்தான் வித்தியாசம் கூட. ஆக இரண்டு விசயம் வேண்டும். புத்தகம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவேண்டும், அது பிள்ளை தானே தெரிந்தெடுத்த புத்தகமாகவும் இருக்கவேண்டும்.

இனி வன்னிக்கு வருவோம். இந்த ஆய்வுகள் நடந்த நாட்டில் கோடை விடுமுறை பத்துக் கிழமைக்குக் கிட்ட நீளும். எங்களுக்கு அப்படியொரு நீண்ட விடுமுறை இல்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று துண்டாக வருகிறது. 2020க்குப் பிறகு கொரோனாவாலும் 2022 எரிபொருள் நெருக்கடியாலும் தவணைகள் தாறுமாறாகப் போனாலும் அடிப்படை இதுதான். அப்படியென்றால் மூன்று நான்கு கிழமையில் பிள்ளை எதை இழந்துவிடப் போகிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் வன்னிப் பிள்ளையின் படிப்பில் விழுந்த ஓட்டைகளை விடுமுறைக் கணக்கில் மட்டும் எண்ணமுடியாது. 2008-09 இடப்பெயர்வில் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து வாசிகசாலைகளும் அலுமாரிகளும் போயின. சனம் செட்டிகுளம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது முதலில் வீட்டுக்குக் கூரை, பிறகு கிணறு, பிறகு காணி துப்புரவு. புத்தகம் எத்தனையாவது இடத்தில் வந்திருக்கும்? அன்று கைக்குழந்தையாக முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில்தான் கொரோனா வந்தது. வீட்டில் புத்தகம் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் மூத்தவர்கள் இப்போது பெற்றோராகவும் ஆகிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த விடுமுறை பொருத்தம்? ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு, வீட்டு வேலை, உறவினர் வருகை, நாட்களும் குறைவு. டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் வான் பாயத் தொடங்கினால் உள்ளூர் வீதிகள் பல அறுந்துவிடும். மிஞ்சுவது ஓகஸ்ட். சோளகக் காற்றும் புழுதியும் வெயிலும் இருந்தாலும் வீதி காய்ந்திருக்கும், சைக்கிள் ஓடலாம். ஆனால் ஓகஸ்ட் வெறும் மாதம் என்று நினைக்கவேண்டாம். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, அதற்கு முதல் கிழமையே பல குடும்பங்கள் மடுவில் கூடாரம் அடித்துத் தங்கிவிடும். குளத்துத் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் சிறுபோக அறுவடை. பெரிய பிள்ளைகள் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள், சின்னவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி போடுகிறவர்கள் இதையெல்லாம் இடைஞ்சலாகப் பார்க்காமல் கலண்டரை இதற்கேற்றபடி போட்டால் சரி.

உண்மையான இடைஞ்சல் ரியூசன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பல வருடங்களாக ஓகஸ்டிலோ அதை ஒட்டியோ வருவதால், பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த விடுமுறை பரீட்சைக் காலம். அதற்கு மேலே போனால் சாதாரண தரம், உயர்தரம். காலை ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு. விடுமுறை விட்டால்தான் ரியூசன் கூடுகிறது. பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காணியும் கடனும் மட்டுமே கையில் உள்ள ஒரு குடும்பத்துக்குப் பரீட்சைதான் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வாசல். அதனால் விடுமுறை வாசிப்புத் திட்டம் ரியூசனோடு மல்லுக்கட்டக்கூடாது. தரம் 1 முதல் 4 வரையும், பிறகு தரம் 6 முதல் 8 வரையும் குறிவைக்கவேண்டும். பரீட்சை இன்னும் கழுத்தைப் பிடிக்காத வயது அது. ஐந்தாம் தரப் பிள்ளை பரீட்சை முடிந்த அன்றே வரலாம், கதவு திறந்திருக்கட்டும்.

அடுத்தது தூரம். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்குமேல். 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்த சனம் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இலங்கையிலேயே சனம் மிக ஐதாக வாழும் மாவட்டங்களில் ஒன்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நகரத்துக்கு சுமார் 50 கிலோமீற்றர், நடுவே காடும் குளமும் வயலும் அங்கங்கே குடியிருப்பும். பொதுநூலகம் பெரும்பாலும் சந்தியில், பிரதேச சபைக்குக் கிட்ட இருக்கும். கிளிநொச்சி நகரத்துப் பிள்ளை நூலகத்துக்கு நடந்து போகலாம். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையே உள்ள ஒரு குடியிருப்பின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் போவாள்? பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான். தாய் சைக்கிளில் ஏற்றிப் போகலாம் என்றால், அந்தப் பக்கங்களில் பொழுதுபட்டால் வீதிக்கு யானை வந்துவிடும். பிள்ளையோடு வெளிக்கிட்டால் நாலரைக்கு முதல் வீடு வந்து சேரவேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் பின்னேரம் 3 மணிக்கு நூலக மண்டபத்தில் 'சிறுவர் நிகழ்ச்சி' என்று போட்டால், வருவது சந்தியைச் சுற்றியுள்ள பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் ஏற்கெனவே நூலகத்துக்கு வருகிறவர்கள்.

வன்னிக்குள்ளேயும் எல்லா ஊரும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவேண்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்தது காட்டோரக் காணி. தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரமான இடங்கள். அந்த ஊர்களின் பிள்ளைகளை எட்டாத ஒரு திட்டம், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை விட்டுவிட்ட திட்டம்.

தூரத்தைத் தாண்டி நூலகத்துக்கு வந்தாலும் வாசலில் வேறு தடை. அங்கத்துவப் படிவம் நிரப்பவேண்டும், வதிவிடத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தவேண்டும், பிணை நிற்க ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், சில இடங்களில் வைப்புப் பணமும் கட்டவேண்டும். பிந்தினால் தண்டப்பணம். பெரிய தொகையொன்றும் கிடையாது. ஆனால் நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு கையெழுத்துக்காக அரை நாள் போவது பெரிய செலவு. தண்டத்துக்குப் பயந்து 'புத்தகம் எடுக்கவேண்டாம், துலைச்சுப்போட்டு வருவாய்' என்று பிள்ளையைத் தடுக்கும் தாய்மாரும் உண்டு. சிகாகோ நகர நூலகங்கள் 2019 ஒக்ரோபரில் பிந்திய தண்டத்தை அடியோடு நீக்கியபோது, வருடக்கணக்கில் வெளியே கிடந்த புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. பயம் போனால் புத்தகமும் வரும், ஆளும் வரும். எங்கள் சபைகள் முழுவதுமாக நீக்கத் தயங்கலாம், சரி, ஓகஸ்ட் மாதம் சிறுவர் பகுதிக்கு மட்டுமாவது தண்டம் இல்லை, பிணை இல்லை, பாடசாலை அதிபரின் ஒரு பெயர்ப்பட்டியல் போதும் என்று ஒரு தீர்மானம் எடுப்பதில் என்ன கஷ்டம்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகள்தான் நூலகங்களை நடத்துகின்றன. 2025 மே தேர்தலுக்குப் பிறகு அவற்றில் மறுபடி மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

சரி, பிள்ளை நூலகத்துக்கு வரமுடியாது என்றால் நூலகம் போகட்டும். இதற்கும் முன்மாதிரி தமிழர்களிடமே இருக்கிறது. 1931இல் தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே வருடம்தான். புத்தகம் பயன்படுவதற்கே என்பது அந்த விதிகளில் முதலாவது. அலுமாரியைப் பூட்டிச் சாவியை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நடமாடும் நூலகம் என்றதும் எங்கள் ஆட்கள் பஸ் வேண்டும், வாகனம் வேண்டும், நிதி வேண்டும் என்று தொடங்கிவிடுவார்கள். வாகனம் வந்தால் நல்லது. வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் வன்னியின் ஊர்களில் ஏற்கெனவே ஒரு கட்டடம் இருக்கிறது.

அதுதான் சனசமூக நிலையம். அநேகமான ஊர்களில் அதன் வாசிகசாலையும் அதே கட்டடம்தான். ஒரு அறை, சிமெந்து வாங்கு, ஒரு நீள மேசை, பேப்பர். காலையில் நாலு பெரியவர்கள் வந்து 'உதயன்', 'வீரகேசரி' பார்த்து அரசியல் கதைத்துவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குப் பிறகு ஆள் இல்லை. பிள்ளைகளும் பெண்களும் அநேகமாக உள்ளே வருவதே இல்லை. ஓகஸ்ட் மாதம் முழுவதும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த மேசை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் வந்து போகலாம், யானைப் பயமும் இல்லை.

அங்கே அனுப்பவேண்டியது ஒரு பெட்டி. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, மட்டைப்பெட்டி என்றால் ஒரு கிழமையில் கறையான் ஏறிவிடும். அதற்குள் நாற்பது புத்தகம். பத்துப் படப்புத்தகம், பக்கத்துக்கு ஒரு வரி உள்ளவை. பதினைந்து சிறுகதைப் புத்தகம், எழுத்துப் பெரிசாக. பத்துப் புத்தகம் பெரிய பிள்ளைகளுக்கு: நெடுங்கதை, விஞ்ஞானம், விளையாட்டு, உலகம், மிருகங்கள். மிச்சம் ஆங்கிலமும் சிங்களமும், படம் நிறைந்தவை. நூலகத்தின் தசம வகுப்பு எண் உள்ளே இருக்கட்டும்; வெளியே முதுகில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு நிறத் துண்டு ஒட்டினால் பிள்ளை தானே எடுத்துவிடும். ஒரு கொப்பியில் பெயர், புத்தக இலக்கம், கொண்டுபோன திகதி, கொண்டுவந்த திகதி. வேறு எழுத்து வேலை வேண்டாம். ஒரு கிழமை முடிய அந்தப் பெட்டி அடுத்த ஊருக்கும் அடுத்த ஊரின் பெட்டி இங்கேயும் வரும். நாலு ஊரைச் சேர்த்து ஒரு சுற்றாக வைத்தால் நாலு கிழமையில் ஒவ்வொரு பிள்ளையும் 160 புத்தகத்தைக் கண்ணால் காணும். பெட்டியை மாற்ற ஒரு ஓட்டோவும் ஒரு காலையும் போதும்.

சில புத்தகங்கள் தொலையும், கிழியும், மழைத்தண்ணீர் படும். அதை முதலிலேயே கணக்கில் எழுதிவைக்கவேண்டும். நூலகர்களின் மிகப்பெரிய பயம் இதுதான் என்பது விளங்குகிறது. கணக்காய்வில் ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் எழுதவேண்டியவர் அவர்தான். அதனால் விடுமுறைப் பெட்டிகளுக்கான புத்தகங்களைத் தனிப் பதிவேட்டில் போட்டு, இவ்வளவு வீதம் சேதம் வரலாம் என்று சபை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும். நூலகருக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுக்காமல் 'பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுங்கோ' என்று சொல்வது நியாயமில்லை.

பெட்டி வந்த காலையில் என்ன செய்வது? அதிகம் வேண்டாம். முதல் இருபது நிமிடம் யாராவது ஒருவர் சத்தமாக ஒரு கதை வாசிக்கவேண்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்த ஒரு அண்ணா, முன்பள்ளி ஆசிரியை, யாராக இருந்தாலும் சரி. பிறகு புத்தகங்களை மேசையில் பரப்பிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். ஒதுங்கி நிற்பதுதான் கடினம். பெரியவர்களுக்குக் கை பரபரக்கும்: 'இது உனக்குக் காணாது, பெரிசா ஒண்டு எடு', 'படப்புத்தகம் சின்னப்பிள்ளைகளுக்கு', 'திருக்குறள் எடு'. ஒரு வாசிகசாலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தி மீன்கொத்தி பற்றிய மெல்லிய படப்புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "அன்ரி, இதைத் திரும்பவும் கொண்டுபோகட்டோ?" என்றாள். "போன கிழமையும் இதைத்தானே மோனை கொண்டுபோனனி?" "தம்பிக்கு வாசிச்சுக் காட்ட." கொப்பி எழுதிக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் திகதியை மாற்றிப் போட்டார். அதுதான் சரியான பதில். ஒரே புத்தகத்தை நாலு தரம் வாசிக்கிற பிள்ளைக்கு நாலாம் தரம் ஒவ்வொரு சொல்லும் கண்ணுக்குப் பழகியிருக்கும், தடக்காமல் ஓடும். அந்த ஓட்டத்தின் ருசி தெரிந்தபிறகுதான் அடுத்த புத்தகத்துக்குக் கை நீளும். அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதும் இதற்காகத்தான். கூட வாசித்தவருக்கு முதற்பரிசு என்று அறிவித்தால், நன்றாக வாசிக்கிற மூன்று பிள்ளைகள் இன்னும் நன்றாக வாசிப்பார்கள். தடக்கித் தடக்கி வாசிக்கிற பிள்ளை முதல் கிழமையே தன் இடத்தைத் தெரிந்துகொண்டு வராமல் விட்டுவிடும். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தரவரிசை போதுமான அளவு இருக்கிறது. பிரித்தானியச் சவாலில் உள்ளதைப்போல 6 புத்தகம் முடித்த எல்லாருக்கும் ஒரே சான்றிதழ், அதுவும் அந்த வாசிகசாலையிலேயே, பெற்றோர் முன்னால் கொடுத்தால் போதும்.

நிகழ்ச்சி என்றால் புத்தகத்தோடு மட்டும் நிற்கவேண்டும் என்றும் இல்லை. வன்னியில் எழுதப்படாத கதை நிறைய இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒவ்வொரு வைகாசியும் போய்வருகிற பிள்ளைக்குக் கண்ணகி கதையின் பாதி ஏற்கெனவே தெரியும். கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரை வாசிகசாலைக்குக் கூப்பிட்டு இரண்டு பாட்டுப் பாடச்சொல்லி, அதையே பிள்ளைகளை எழுதச்சொல்லலாம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேக்கின் படையிடம் தோற்றதைச் சொல்லும் நடுகல் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வென்றவன் நட்ட கல்லை, தோற்றவனின் ஊர்ப் பிள்ளைகள் எப்படி வாசிக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கே தோன்றாத கேள்விகள் வரும்.

புத்தகம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த சிக்கல். சிறுவர் புத்தகங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து இறக்குமதி. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபிறகு அவற்றின் விலை ஒரேயடியாக ஏறிவிட்டது. தாள் தட்டுப்பாட்டால் உள்ளூர் அச்சும் விலை கூடியது. வீட்டில் புத்தகம் வாங்குவது இன்று பலருக்கு முடியாத காரியம். பொதுநூலகத்தின் பொறுப்பு அதனால் கூடியிருக்கிறது. இன்னொன்று, இறக்குமதிப் புத்தகத்தில் வரும் பிள்ளை மே மாதத்தில் கோடை விடுமுறை போகும், இட்லிக்கடைக்குப் போகும், ரயிலில் தாத்தா ஊருக்குப் போகும். அதில் குற்றமில்லை, பிற ஊரைத் தெரிந்துகொள்வதும் வாசிப்புத்தான். ஆனால் பாலைப்பழமும் வீரைப்பழமும் வரும் கதை, குளத்தில் தாமரைக்கிழங்கு கிண்டும் கதை, மயில் வந்து பயறு தின்னும் கதை என்று பெட்டியில் குறைந்தது இரண்டு புத்தகமாவது இருக்கவேண்டும். ஈழத்தில் அச்சான சிறுவர் நூல்கள் இருக்கின்றன, குறைந்த பிரதிகளில் வந்து காணாமல் போய்விடுகின்றன. 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவரும் 'நூலகம்' என்ற திட்டத்தின் சேகரிப்பில் பழைய சிறுவர் நூல்களையும் தேடலாம். உரிமை உள்ளவர்களிடம் அனுமதி பெற்று, பெரிய எழுத்தில் சில பிரதிகள் அச்சடித்துக் கட்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் நாலைந்து சேரும். போன் திரையில் காட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு போன் மூன்று பிள்ளைகளுக்கு, அதுவும் அப்பா வேலையால் வந்த பிறகு. புத்தகம் என்றால் மூன்றும் மூன்று மூலையில் இருக்கும்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. அதைப்பற்றி ஒவ்வொரு ஜூனிலும் பேசுகிற, எழுதுகிற, புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து உதவ முன்வருகிற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பெரிய கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை போடுவதைவிட, ஒரு ஊருக்கு ஒரு பெட்டி என்று பொறுப்பெடுங்கள். புத்தகத்தை நீங்கள் தெரிவு செய்து அனுப்பாமல், அங்குள்ள நூலகரிடம் பட்டியல் கேளுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய பாடப்புத்தகங்களும் பழைய ஆங்கில அகராதிகளும் ஏற்கெனவே பல அலுமாரிகளை நிரப்பிக்கொண்டு நிற்கின்றன.

ஓகஸ்டில் இது நடக்கவேண்டுமென்றால் வேலை மே மாதமே தொடங்கவேண்டும். சபையின் மாதாந்தக் கூட்டத்தில் தீர்மானம், பிறகு கொள்வனவு, விலைமனு, புத்தகம் வந்து பதிவு, முத்திரை, மேலுறை. இதற்கே இரண்டு மாதம் போய்விடும். இரண்டாம் தவணை முடியுமுன் அதிபர்களிடம் பெயர்ப்பட்டியல் வாங்கிவிடவேண்டும், தவணை விட்டபிறகு அதிபரைப் பிடிக்கமுடியாது. முதல் வருடம் நாலு ஊர் போதும். அந்த நாலில் குறைந்தது இரண்டு காட்டோர ஊராக இருக்கட்டும். அப்புறம், சனசமூக நிலையத் தலைவரோடும் செயலாளரோடும் முதலில் பேசவேண்டிய விசயம் வாசிகசாலைச் சாவி. சிறுபோகக் காலத்தில் சாவி வைத்திருப்பவர் விடிய ஆறு மணிக்கே வயலுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பத்து மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த கிழமை வரமாட்டார்கள். இரண்டாம் சாவி ஒன்று வெட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடமோ கதை வாசிக்கப்போகும் அந்த அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள்.